ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்பு எழுத்தைப் படிங்க

ராத்திரி பதினொன்றரை மணி. மறுநாள் காலையில் ப்ராஜெக்ட் செகண்ட் ரிவ்யூ. லேப்டாப்பை ஆன் பண்ணேன். கறுப்பு ஸ்க்ரீன் வந்துச்சு. வெள்ளை எழுத்து மளமளன்னு மேலே ஓடுச்சு, நடுநடுவே சிவப்புல சில வரி. அப்புறம் எல்லாம் நின்னுபோய், மூணு சின்ன நட்சத்திரக் குறி மட்டும் இடமும் வலமுமா நகர்ந்துக்கிட்டு இருந்தது. பக்கத்துல நொடிக்கணக்கு. ஒரு நிமிஷம் முப்பது நொடி ஆகுற வரைக்கும் அது அசையவே இல்லை.

ரூம்மேட் எட்டிப் பார்த்தா. "இதுக்கெல்லாம் உட்கார்ந்து யோசிப்பாங்களாடி? ஃபார்மட் அடிச்சுடு. அரை மணி நேர வேலை."

அவளைக் குறை சொல்லல. நம்ம ஹாஸ்டல்ல லேப்டாப்புக்கு என்ன வியாதி வந்தாலும் ஒரே மருந்துதான். மெதுவா இருக்கா, ஃபார்மட். சவுண்டு வரலையா, ஃபார்மட். போன வருஷம் ஒருத்தி வைஃபை வரலைன்னு ஃபார்மட் அடிச்சா. கடைசில பார்த்தா லேப்டாப் ஓரத்துல இருந்த வைஃபை ஸ்விட்ச் ஆஃப்ல இருந்திருக்கு. நானும் இதே கட்சியில் இருந்தவள்தான். மூணு வருஷத்துல நாலு தடவை அடிச்சிருக்கேன். அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் கட்சி மாறினேன். ஏன்னு சொல்றேன்.

லேப்டாப் எங்க அண்ணன் படிக்கும்போது வாங்கினது. ஆறு வருஷப் பழசு, உள்ளே சுத்துற ஹார்ட் டிஸ்க். அதுல டெபியன் லினக்ஸ் போட்டிருந்தேன். எங்க ப்ராஜெக்ட், மெஸ் பின்னாடி இருக்கற தண்ணி மோட்டாரோட அதிர்வை சென்சார் வெச்சு அளந்து, பேரிங் எப்போ தேயும்னு முன்கூட்டியே சொல்றது. பதினோரு வார ரீடிங். சென்சார் போர்டுல இருந்த மெமரி கார்டு சின்னது, அதனால ஒவ்வொரு ஞாயிறும் ரீடிங்கை என் லேப்டாப்புக்கு மாத்திட்டு கார்டைக் காலி பண்ணிடுவோம். ஆக, நாலு பேரோட ப்ராஜெக்ட்டுக்கு உலகத்துலயே ஒரே ஒரு காப்பி, அந்த லேப்டாப்புல. இதை இப்போ எழுதும்போதே கூச்சமா இருக்கு. இன்ஜினியரிங் ஃபைனல் இயர் படிக்கறவங்க நாலு பேர்ல ஒருத்தருக்குக்கூட இது உறைக்கல.

ஃபார்மட் அடிக்க கை வராததுக்குக் காரணம் இதுதான். அறிவாளித்தனம் ஒண்ணும் இல்லை, பயம்.

முதல்ல அந்தச் சிவப்பு எழுத்தைப் பத்திச் சொல்லணும். லினக்ஸ் எழும்பும்போது ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் இடது பக்கம் பச்சையில் 'ஓகே'ன்னு போடும். ஒண்ணு முடியலைன்னா சிவப்புல 'ஃபெயில்டு'. நமக்கு அந்த வார்த்தையைப் பார்த்ததும் ரிசல்ட் பேஜ்தான் ஞாபகம் வருது. வயிறு கலங்கி, மீதி வரியைப் படிக்கறதே இல்லை. நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். ஸ்க்ரீன் முழுக்க இங்கிலீஷ் ஓடினா அது எனக்கு எழுதினது இல்லைன்னு ஒதுங்கிப் போற பழக்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. ஆனா உட்கார்ந்து பார்த்தா அது ஒண்ணும் இலக்கிய இங்கிலீஷ் கிடையாது. டிவைஸ், டைம்-அவுட், மவுண்ட், டிபென்டென்சி, சர்வீஸ்னு திரும்பத் திரும்ப வர்றது ஒரு முப்பது வார்த்தை. நம்ம லேப் மேனுவல் இதைவிடக் கஷ்டமா இருக்கும்.

எங்க கேஸுக்கு வர்றேன். அந்த ஒன்றரை நிமிஷம் முடிஞ்சு, இன்னும் கொஞ்சம் முனகிட்டு, ஒருவழியா லாகின் ஸ்க்ரீன் வந்துச்சு. டெர்மினலைத் திறந்து 'சிஸ்டம்டி-அனலைஸ்'னு அடிச்சேன். (பேரை இங்கே தமிழ்லதான் எழுதறேன். டெர்மினல்ல முதல் சில எழுத்தை அடிச்சு டேப் தட்டினா மீதி தானா வரும்.) சிஸ்டம்டிங்கறது லினக்ஸ் எழும்பும்போது கெர்னலுக்கு அடுத்து ஓடி, மத்த எல்லாத்தையும் எழுப்பி விடற மேஸ்திரி. 2010-ல் வந்தது. டெபியன் 8, உபுண்டு 15.04, ரெண்டுமே 2015-ல் இதுக்கு மாறின. இந்த மேஸ்திரி நேரக்கணக்கும் எழுதி வைக்கும்.

எனக்கு வந்த கணக்கு: ஃபர்ம்வேர் 9 நொடி, லோடர் 5 நொடி, கெர்னல் 41 நொடி, அதுக்கு அப்புறம் உள்ளது 134 நொடி. மொத்தம் 189, அதாவது மூணு நிமிஷம் 9 நொடி.

'லேப்டாப் ஸ்லோ'ங்கற ஒரு புலம்பல் இந்த ஒரு வரியில நாலா உடைஞ்சிடுச்சு. ஃபர்ம்வேர்ங்கறது லேப்டாப் கம்பெனி போர்டுல எழுதி வெச்சது, லினக்ஸ் இன்னும் உள்ளேயே வரலை. நீங்க எத்தனை ஃபார்மட் அடிச்சாலும் அந்த 9 நொடி 9 நொடிதான். லோடர்ங்கறது எந்த ஓஎஸ் வேணும்னு கேட்டுக் காத்திருக்கற க்ரப் மெனு. அந்த 5 நொடி நாமளே கொடுத்த நேரம். மாட்டினது 41-ம் 134-ம்.

அடுத்து 'சிஸ்டம்டி-அனலைஸ் ப்ளேம்'. பேர்லயே பழி இருக்கு. எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு பெருசுல இருந்து சிறுசா வரிசைப்படுத்திக் காட்டும். இங்கேதான் நான் முதல் தப்பைப் பண்ணப் பார்த்தேன். பட்டியல்ல முதல் இடத்துல நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருக்கற சர்வீஸ் இருந்தது. 'இவன்தான் குற்றவாளி'ன்னு அதை டிசேபிள் பண்ண கை போயிடுச்சு. ஆனா அது காட்டின நேரம் பதிமூணு நொடி. நான் தேடறது நூத்தி முப்பத்தி நாலு. சிஸ்டம்டி வேலைகளை ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு செய்யறதில்லை, ஒரே நேரத்துல பலதை எழுப்பும். அதனால ஒண்ணு பதிமூணு நொடி எடுத்தா பூட் பதிமூணு நொடி தாமதம்னு அர்த்தம் கிடையாது. அது யாருக்கோ காத்திருந்திருக்கலாம். ப்ளேம் லிஸ்ட்டை மட்டும் பார்த்துட்டு மேலே இருக்கறதையெல்லாம் வெட்டித் தள்ளுறவங்களை எனக்குத் தெரியும். அப்புறம் ப்ரிண்டர் வரலை, ப்ளூடூத் வரலைன்னு அழுவாங்க. அதுக்கும் ஃபார்மட்.

உண்மை லாக்ல இருந்தது. 'ஜர்னல்-சிடிஎல்', ஒரு ஸ்பேஸ், ஹைஃபன் பி. இந்தத் தடவை எழும்பினதுல இருந்து நடந்தது எல்லாம் நேரத்தோட வரும். கூடவே ஹைஃபன் பி, ஸ்பேஸ், எரர்னு சேர்த்தா எரரும் அதைவிட மோசமானதும் மட்டும் வரும். அதுல ஒரு வரி, ஒரு நீளமான நம்பரைச் சொல்லி, 'இந்த டிவைஸுக்காகக் காத்திருந்து நேரம் முடிஞ்சுபோச்சு'ன்னு சொன்னது. எரர் வடிகட்டியை எடுத்துட்டுப் பார்த்தா அடுத்த வரியே, 'அதை நம்பியிருந்த ஸ்வாப் ஃபெயில்'.

அந்த நீள நம்பர் யூயூஐடி. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் இருக்கற ஆதார் நம்பர் மாதிரின்னு வெச்சுக்கலாம். எந்த பார்ட்டிஷனை எங்கே மாட்டணும்னு 'எஃப்எஸ்-டேப்'ங்கற ஃபைல்ல எழுதியிருக்கும். அங்கே ஸ்வாப்புக்கு எழுதியிருந்த நம்பரையும், 'பிளாக்-ஐடி' கமாண்ட் காட்டின நிஜ நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வேற வேற. ஊர்ல இல்லாத ஆள் பேரைச் சொல்லி வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டு இருந்திருக்கு. சிஸ்டம்டி ஒரு டிவைஸுக்கு வழக்கமா 90 நொடி காத்திருக்கும். அந்த ஒன்றரை நிமிஷம் இதுதான்.

நம்பர் ஏன் மாறுச்சு? போன மாசம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்காக அதே லேப்டாப்புல பக்கத்துல இன்னொரு லினக்ஸ் போட்டோம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு தட்டினதுல அந்த இன்ஸ்டாலர் இருக்கற ஸ்வாப்பையே எடுத்து மறுபடி ஃபார்மட் பண்ணிடுச்சு. ஃபார்மட் பண்ணா யூயூஐடி புதுசாகும். பழைய டெபியனுக்கு அது தெரியாது. அதாவது, ஃபார்மட்டால வந்த வியாதிக்குத்தான் ஃபார்மட்டை மருந்துன்னு சொல்லிட்டு இருந்தோம்.

கெர்னல் எடுத்த 41 நொடியிலயும் இதே கதைதான். ஹைபர்னேட்ல இருந்து திரும்ப எழ வேண்டி வந்தா எந்த பார்ட்டிஷனைப் பார்க்கணும்னு ஆரம்பத்துலயே ஓடற இனிட்ராம்-எஃப்எஸ்ஸுக்குள்ளயும் அந்தப் பழைய நம்பர் உட்கார்ந்திருந்தது. அங்கே ஒரு 30 நொடி வீணாப் போச்சு. ரெண்டு ஃபைல்லயும் நம்பரை மாத்தி (மாத்தறதுக்கு முன்னாடி ஃபைலைக் காப்பி எடுத்து வெச்சுக்கங்க, எஃப்எஸ்-டேப்ல ஒரு எழுத்து பிசகினா எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்), இனிட்ராம்-எஃப்எஸ்ஸைப் புதுப்பிச்சு, ரீஸ்டார்ட் பண்ணேன். 69 நொடி. உட்கார்ந்து தேடினதும் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

இங்கேயே கதை முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஏதோ ட்யூட்டோரியல்னு போயிருக்கும்.

பழக்கதோஷத்துல மறுபடியும் எரர் லாக்கைப் பார்த்தேன். சிவப்பு இன்னும் இருந்தது. ஒரு கூட்டம் 'ஏசிபிஐ எரர்'னு ஆரம்பிக்கற வரிகள். ஃபர்ம்வேர் எழுதினவங்க தங்களோட டேபிள்ல ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டு அதை வைக்க மறந்துடுவாங்க, கெர்னல் தேடிப் பார்த்து 'காணோம்'னு பதிவு பண்ணும். பார்க்க பயங்கரமா இருக்கும். பேட்டரி, ஃபேன், ஸ்லீப் எல்லாம் ஒழுங்கா இருந்தா பெரும்பாலும் அதை விட்டுடலாம். ஃபர்ம்வேர் அப்டேட் வந்தா போகலாம், போகாமலும் இருக்கலாம்.

ஆனா அதுங்களுக்கு நடுவுல வேற மாதிரி மூணு வரி இருந்தது. 'ஏடிஏ ஒன்'னு ஆரம்பிச்சு, படிக்கச் சொன்ன கமாண்ட் ஃபெயில்னு ஒண்ணு. 'எஸ்டிஏ'ங்கற டிஸ்க்ல இன்ன செக்டார்ல ஐ-ஓ எரர்னு இன்னொண்ணு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதே. இது கான்ஃபிக் ஃபைல் தகராறு கிடையாது. டிஸ்க்கே 'என்னால படிக்க முடியல'ன்னு சொல்றது.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பத்தி ஒரு குறிப்பு வெச்சிருக்கும். ஸ்மார்ட்னு பேர். 'ஸ்மார்ட்-சிடிஎல்'னு அடிச்சா அதைப் படிக்கலாம். அடிச்சேன். மேலேயே பெருசா 'பாஸ்டு'. அப்பாடான்னு இருந்தது. ரெண்டு ஸ்க்ரீன் கீழே போனா, மாற்றி எழுதப்பட்ட செக்டார் 120. படிக்க முடியாம காத்திருக்கற செக்டார் 38. ஆரோக்கியமான டிஸ்க்ல ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். கேபிள் பிரச்சினைன்னா சிஆர்சி எரர்ங்கற கணக்கு ஏறியிருக்கும். அது பூஜ்யமாத்தான் இருந்தது. ஆக, கேபிள் இல்லை. டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு, ஆனா மார்க் ஷீட்ல பாஸ். அந்த 'பாஸ்டு', டிஸ்க் தயாரிச்சவங்க வெச்ச எல்லையை இன்னும் தாண்டலைங்கறதை மட்டும்தான் சொல்லுது.

அதான் எனக்கு உறைச்ச விஷயம். ஸ்க்ரீன்ல 'ஃபெயில்டு'ன்னு பயமுறுத்தினது ஒரு நம்பர் மாத்தினா தீர்ற சில்லறை விவகாரம். 'பாஸ்டு'ன்னு சொன்னதுதான் பதினோரு வார வேலையைக் கொண்டுபோகப் பார்த்தது. நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணியிருந்தா ரெண்டையும் தலைகீழா எடுத்திருப்பேன்.

இப்போ ஃபார்மட் கட்சிக்காரங்களுக்கு. அன்னிக்கு நான் ஃபார்மட் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரீடிங் போயிருக்கும், அது ஒண்ணு. ரெண்டாவதுதான் மோசம்: லேப்டாப் நல்லா ஓடியிருக்கும். புது இன்ஸ்டால்ல ஸ்வாப் நம்பர் சரியாயிடும், ஒன்றரை நிமிஷம் மறைஞ்சிடும். படிக்க முடியாத செக்டார் மேல புதுசா எழுதினா டிஸ்க் அதை ஓரங்கட்டிட்டு தன்கிட்ட இருக்கற உபரி செக்டாரைக் கொடுக்கும். அதனால கொஞ்ச நாள் ஐ-ஓ எரரும் வராது. 'பார்த்தியா, நான் சொன்னேன்ல'ன்னு ரூம்மேட் சொல்லியிருப்பா, நானும் ஒத்துக்கிட்டிருப்பேன். ஃபைனல் ரிவ்யூ வாரத்துல அது மொத்தமாக் கவுந்திருக்கும், காரணம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இதே கோபம் எனக்கு இன்னொரு கூட்டத்து மேலயும் உண்டு. அவங்க ஃபார்மட் அடிக்க மாட்டாங்க, எரரை மறைப்பாங்க. "க்ரப்ல கொயட்னு ஒரு வார்த்தை போட்டுடு, எழுத்தே வராது", "இந்த ஆப்ஷனைச் சேர்த்தா பிசிஐ எரர் நின்னுடும்". சேர்த்தா நின்னுடும், நிஜம்தான். ரிப்போர்ட் பண்றது நிக்கும், எரர் நிக்குதாங்கறது வேற கேள்வி. பிசிஐ எரர்ல 'சரி செய்யப்பட்டது'ன்னு வர்ற வகையில லாக் நிரம்பி வழியும்போது அப்படிப் பண்றதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா என்னன்னு படிச்சிட்டு மறைக்கறது வேற, படிக்கப் பிடிக்காம மறைக்கறது வேற. சொல்லப்போனா நிறைய லினக்ஸ்ல 'கொயட்'டும் அழகான லோகோவும் இன்ஸ்டால் ஆகும்போதே வந்துடுது. லோகோ ஓடும்போது எஸ்கேப் தட்டிப் பாருங்க, பல மெஷின்ல பின்னாடி ஓடறது தெரியும்.

ஃபார்மட்டே தப்புன்னு சொல்லல. ஃபைல் சிஸ்டம் சின்னாபின்னமாகிப் போச்சு, எவனோ உள்ளே புகுந்துட்டான்னு சந்தேகம், இல்ல மூணு வருஷமா கண்டதையெல்லாம் போட்டு எது எங்கே இருக்குன்னே தெரியல, இப்படின்னா அடிங்க. காப்பி எடுத்துட்டு, லாக்கைப் படிச்சிட்டு, அடிங்க. 'ப்ளேஸ்மென்ட் சீசன்ல இதுக்கெல்லாம் எங்க நேரம்'னு கேட்பீங்க. ஃபார்மட் அடிச்சு, திரும்ப எல்லா சாஃப்ட்வேரும் இறக்கி, ஹாஸ்டல் வைஃபைல அப்டேட் முடிய எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியும். அரை மணி நேரம்னு சொல்றவங்க டவுன்லோடைக் கணக்குல சேர்க்கறதில்லை.

நாம ஓஎஸ் பேப்பர்ல பாங்கர்ஸ் அல்காரிதம் போடறோம். டெட்லாக்குக்கு நாலு கண்டிஷன் சொல்லச் சொன்னா தூக்கத்துல சொல்வோம். லேப்ல ஃபோர்க் ப்ரோக்ராம் எழுதி, அவுட்புட்டை ரெக்கார்டு நோட்ல ஒட்டிக் கையெழுத்து வாங்கியாச்சு. சொந்த மெஷின் எப்படி எழும்புதுன்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 2011-ல் தொடங்கின அரசு இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கினது, டெபியன் வழி வந்தது. எங்க அண்ணன் பேட்ச்ல அதைத் திறந்து பார்த்தவங்களை விட, முதல் நாளே கடைக்குக் கொண்டுபோய் அழிக்கச் சொன்னவங்க ஜாஸ்தின்னு அவனே சொல்வான். ஓஎஸ் லேப்ல முதல் கிளாஸ் இதுவா இருக்கட்டும்னு கேட்கறேன்: அவங்கவங்க லேப்டாப்பைக் கொண்டு வாங்க, பூட் லாக்ல இருக்கற ஒவ்வொரு எரருக்கும் பக்கத்துல அது என்ன, விடலாமா கூடாதான்னு ஒரு வரி எழுதுங்க. ஒரு மணி நேரம் போதும். புது கம்ப்யூட்டர் வேணாம், பட்ஜெட் வேணாம். ரெண்டு பேரோட லாக் ஒரே மாதிரி இருக்காது, அதனால காப்பியடிக்கவும் முடியாது.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் முதல்ல பென் டிரைவுக்குக் காப்பி எடுத்தேன். ஆறாவது வார ஃபைல்ல வந்து நின்னு, டிஸ்க் டிக் டிக்குனு சத்தம் போட்டு, எரர் காட்டுச்சு. அதைத் தாண்டி மத்த பத்து வாரமும் வந்துடுச்சு. ரிவ்யூவை டிபார்ட்மென்ட் லேப் சிஸ்டத்துல கொடுத்தோம். சனிக்கிழமை ஒரு சீனியர் அக்காகிட்ட எக்ஸ்டர்னல் டிஸ்க் கடன் வாங்கி, 'டிடி-ரெஸ்க்யூ' வெச்சு மொத்த டிஸ்க்கையும் இமேஜ் எடுத்தேன். அது நல்ல பகுதியையெல்லாம் முதல்ல அள்ளிட்டு, கெட்ட செக்டாருக்குக் கடைசில வந்து முயற்சி பண்ணும். எது முடிஞ்சது எது பாக்கின்னு ஒரு ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும், அதனால நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். சாகப்போற டிஸ்க்ல முதல்ல ரிப்பேர் டூலை ஓட்டாதீங்க, முதல்ல அள்ளுங்க.

இப்போ உள்ளே எஸ்எஸ்டி. எழும்ப 26 நொடி, அதுல 9 அதே பழைய ஃபர்ம்வேர் 9. ஏசிபிஐ சிவப்பு வரிகள் தினமும் காலையில வந்து நின்னுட்டுப் போகுது. ரீடிங் இப்போ நாலு பேர்கிட்டயும் இருக்கு. ஆறாவது வாரத்துல ரெண்டு நாள் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கலை. ரிப்போர்ட்ல கிராஃப் அந்த இடத்துல உடைஞ்சுதான் இருக்கு. நடுவுல கோடு போட்டுச் சேர்த்துடலாம்னு ஒருத்தி சொன்னா, வேணாம்னு விட்டுட்டோம். எக்ஸ்டர்னல் கேட்டா 38 செக்டார் கதையைச் சொல்லணும்.